விரலை மறந்த மூளை

கண்களை மூடிக்கொண்டு வலது கையை மேஜைமீது வையுங்கள். வீட்டிலுள்ள குழந்தையை அழைத்து, உங்கள் விரல்களில் ஏதேனும் ஒன்றை இலேசாகத் தொடச் சொல்லுங்கள். தொடப்பட்டது மோதிர விரலா, சுட்டு விரலா என்று கேட்டால் ஒரு கணமும் யோசியாமல் சொல்லி விடுவீர்கள். இதுவும் ஒரு பரீட்சையா என்று நகைக்கவும் செய்வீர்கள். ஆனால் இந்தப் பரீட்சையில் தேறாத மனிதர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கை மரத்துப் போகவில்லை. ஊசி முனை பட்டால் வலிக்கிறது. விரல்களை மடக்கவும் நீட்டவும் முடிகிறது. ஆயினும் தொடப்பட்டது எந்த விரல் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லத் தெரிவதில்லை.

இந்தக் குறையுடன் இன்னும் மூன்று குறைகள் சேர்ந்து வருகின்றன. நேற்று வரையில் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதி வந்தவர் இன்று ஒரு வரி எழுத முடியாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். வீட்டு வரவு செலவில் காலணாப் பிசகாதவர் என்று பெயர் வாங்கியவர், பத்திலிருந்து மூன்று போனால் மீதி எவ்வளவு என்று கேட்டால் விழிக்கிறார். இடது கையை உயர்த்துங்கள் என்றால் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்க்கிறார். பேச்சோ, பெரும்பாலும் தெளிவாகவே இருக்கிறது. பத்திரிகையைக் கொடுத்தால் வாசிக்கிறார். வந்தவர்களை அடையாளம் கண்டு குசலம் விசாரிக்கிறார். வீட்டாருக்கு இதைக் கண்டால் என்ன தோன்றும்? மனிதருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று தோன்றும். அல்லது வேண்டுமென்றே நடிக்கிறார் என்று தோன்றும். இரண்டும் தவறு.

விரல், எழுத்து, கணக்கு, இடம் வலம் ஆகிய இந்த நான்கும் ஒருங்கே போவானேன்? எழுத்தும் கணக்கும் பள்ளிக்கூடத்தில் கற்றவை. விரல்களோ பிறக்கும்போதே உடன் வந்தவை. இவற்றை ஒரே முடிச்சாகப் போட்டு வைத்தது யார்? இந்தக் கேள்வி 1924-ம் வருஷம் வியன்னா நகரத்தில் எழுந்தது. நூறு வருஷங்கள் கழிந்த பிறகும் வைத்திய சாஸ்திரம் அதற்கு முழு விடை கண்டு விட்டதாகச் சொல்வதற்கில்லை.

வியன்னாவில் ஒரு வைத்தியர்

ஜோஸப் கெர்ஸ்ட்மான் என்பவர் 1887-ல் லெம்பெர்க் நகரில் பிறந்தார். அக்காலத்தில் அவ்வூர் ஆஸ்திரியச் சாம்ராஜ்யத்தைச் சேர்ந்தது. இப்பொழுது உக்ரேனில் லிவிவ் என்ற பெயருடன் விளங்குகிறது. வியன்னா சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று, முதல் உலக மகா யுத்தத்தில் ராணுவ வைத்தியராகப் பணி புரிந்தார். அந்த யுத்தம் மூளை வைத்தியர்களுக்கு ஒரு கொடூரமான பள்ளிக்கூடமாக அமைந்தது. தலையில் குண்டு பாய்ந்தும் உயிர் பிழைத்த வாலிபர்கள் ஆயிரக் கணக்கில் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். ஒருவனுக்குப் பார்வையில் ஒரு துண்டு மட்டும் இல்லை. இன்னொருவனுக்குப் பேச்சில் பெயர்ச் சொற்கள் மட்டும் வருவதில்லை. மூளையின் எந்த மூலை எந்தக் காரியத்தைக் கவனிக்கிறது என்ற தேசப்படம் இத்தகைய துர்ப்பாக்கியசாலிகளின் காயங்களைக் கொண்டே பெரும்பாலும் வரையப்பட்டது.

யுத்தம் முடிந்தபின் கெர்ஸ்ட்மான், வாக்னர் யாவுரெக் என்ற பேராசிரியரின் சிகிச்சாலயத்தில் வேலை பார்த்தார். மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே உண்டாக்கி, அதுவரை தீராதிருந்த ஒரு மூளை வியாதியைக் குணப்படுத்தலாம் என்று காட்டி 1927-ல் நோபல் பரிசு பெற்றவர் அந்தப் பேராசிரியர். மலேரியா சிகிச்சையைப் பற்றிக் கெர்ஸ்ட்மானும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். பென்ஸிலின் வந்தபின் அந்தச் சிகிச்சைக்கு வேலை இல்லாமற் போய்விட்டது. கெர்ஸ்ட்மானின் பெயர் நிலைத்ததோ வேறொன்றினால்.

1924-ல் அவரிடம் ஐம்பத்திரண்டு வயதான ஒரு ஸ்திரீ வந்தாள். அவளுடைய கை விரல்களில் ஒன்றைக் காட்டி, "இது எந்த விரல்?" என்று கேட்டால் அவளால் சொல்ல முடியவில்லை. "நடு விரலைக் காட்டுங்கள்" என்றாலும் முடியவில்லை. வைத்தியருடைய விரல்களைக் காட்டிக் கேட்டபோதும் அதே தடுமாற்றந்தான். தேகத்தின் மற்ற அங்கங்களைப் பற்றிக் கேட்டால் இந்தக் குழப்பம் இல்லை. உடம்பு முழுவதையும் அறிந்து, அதில் பத்து விரல்களை மட்டும் அறியாத நிலை! கெர்ஸ்ட்மான் இதற்கு 'விரல் அறியாமை' என்ற பொருள்பட ஒரு பெயரிட்டுக் கட்டுரை பிரசுரித்தார். அந்த ஸ்திரீக்கு எழுத்திலும் கணக்கிலும் இடம் வலத்திலும் கூடக் கஷ்டம் இருந்தது. ஆயினும் முதலில் அவர் கண்ணைக் கவர்ந்தது விரல்தான். பிறகு வேறு நோயாளிகளிடமும் இதே குறைகள் சேர்ந்திருப்பதைக் கண்டு, 1927-ல் விரலையும் எழுத்தையும் இணைத்து எழுதினார். 1930-ல் நான்கையும் ஒன்றாகத் தொகுத்து, மூளையில் இன்ன இடம் பழுதுபட்டால் இந்த நான்கும் சேர்ந்து வரும் என்று உறுதியாகச் சொன்னார். அன்று முதல் இது 'கெர்ஸ்ட்மான் நோய்க்கூட்டம்' என்று வழங்கி வருகிறது.

அந்த இடம் எது? வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மூளையின் இடது பாதியில், காதுக்கு மேலே சற்றுப் பின்பக்கமாக, கோண மடிப்பு என்று சொல்லப்படும் ஒரு வளைவு இருக்கிறது. கண்ணால் காண்பது, காதால் கேட்பது, தோலால் உணர்வது ஆகிய மூன்று செய்திகளும் வந்து கூடும் சந்திப்பு அது. பாரிஸ் நகரத்து டெஜெரின் என்ற வைத்தியர் 1891-லேயே இவ்விடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். படிக்கவும் எழுதவும் இயலாமற் போன ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையைச் சோதித்தபோது, இந்த இடத்திலேதான் பழுது இருந்தது. கெர்ஸ்ட்மானுக்குச் சற்று முன்னதாக, ஸ்வீடன் தேசத்து ஹென்ஷென் என்பவர் கணக்குப் போடும் சக்தி மட்டும் தனியே நசித்துப் போவதைக் கண்டு அதற்குத் தனிப் பெயரும் இட்டிருந்தார். ஆகவே எழுத்து தனியே போவதும் கணக்கு தனியே போவதும் வைத்தியர்களுக்குப் புதிதல்ல. விரலை அவற்றுடன் கொண்டுவந்து சேர்த்ததுதான் புதிது.

மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே

இந்த நோயாளிகளைச் சோதிக்கும் முறை பார்ப்பதற்கு எளிது. யந்திரங்கள் வேண்டியதில்லை, ஒரு காகிதமும் பென்ஸிலும் போதும். நோயாளியின் கையைத் துணியால் மறைத்து ஒரு விரலைத் தொட்டு, படத்தில் வரைந்துள்ள கையில் அந்த விரலைக் காட்டச் சொல்லுவார்கள். பெயர் மறந்து போயிருந்தால் படத்திலாவது காட்டலாம் அல்லவா? அதுவும் முடியாவிட்டால் குறை பெயரில் இல்லை, விரலைப் பற்றிய அறிவிலேயே இருக்கிறது என்று தெளிவாகும். இன்னொரு சோதனையில், கண்ணை மூடச் சொல்லி இரண்டு விரல்களை ஒரே சமயத்தில் தொட்டு, நடுவில் எத்தனை விரல்கள் இருக்கின்றன என்று கேட்பார்கள். கட்டை விரலிலும் சுண்டு விரலிலும் தவறு குறைவு; நடுவிலுள்ள மூன்று விரல்களிலேதான் குழப்பம் அதிகம். அவை ஒன்றுக்கொன்று ஜாடை ஒத்தவை. ஓரத்தில் இருப்பதன் அனுகூலமும் அவற்றுக்கு இல்லை.

இடம் வலம் சோதிக்க, "வலது கையால் இடது காதைத் தொடுங்கள்" என்பார்கள். பிறகு எதிரே அமர்ந்து, "என்னுடைய இடது கை எது?" என்பார்கள். இரண்டாவது கேள்வியில் ஆரோக்கியமான மனிதர்களும் சிலசமயம் இடறுவதுண்டு. ஆகையால் அதில் ஒரு தவறு செய்துவிட்டதாக யாரும் பயப்பட வேண்டாம். எழுத்தைச் சோதிக்கும்போது, எழுதியிருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னால் ஓரளவு எழுதும் நோயாளி, சொல்வதைக் கேட்டு எழுதவோ தாமாக ஒரு வாக்கியம் எழுதவோ முடியாமல் திணறுவார். எழுத்துக்கள் உருமாறும், ஒன்று விட்டுப் போகும், ஒன்று இரு முறை வந்துவிடும்.

கணக்கு விஷயந்தான் எல்லாவற்றிலும் ஆச்சரியமானது. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களான ஸ்தானிஸ்லாஸ் தெஹேன், லோரான் கோஹென் இருவரும் 1997-ல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஆகவே அவருக்குப் பழுது மூளையின் வலது பாதியில் ஏற்பட்டிருந்தது. கெர்ஸ்ட்மான் சொன்ன அடையாளங்கள் அவரிடம் இருந்தன. அவரிடம் மூவொன்பது எவ்வளவு என்று கேட்டால் இருபத்தேழு என்பார். வாய்ப்பாடு மனத்தில் இருந்தது. ஆனால் மூன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொன்னால் திண்டாடுவார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் எந்தக் கிழமை என்றால் புதன் என்பார். ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் ஜூலை என்பார். எழுத்து வரிசையில் இரண்டு எழுத்துக்களுக்கு நடுவே உள்ளதையும் சொல்லுவார். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் என்ன எண் என்றால் மட்டும் தடுமாறுவார்!

இதைச் சற்று நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். வாய்ப்பாடு என்பது உண்மையில் பாட்டு. சிறு வயதில் ராகத்துடன் நெட்டுருப் பண்ணியது, நாவிலே நிற்பது. 'மூவொன்பது இருபத்தேழு' என்று சொல்வதற்கு இருபத்தேழு என்பது எத்தனை என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த மனிதர் இழந்தது 'எத்தனை' என்ற அந்த உணர்ச்சியைத்தான். எண்களின் பெயர்கள் எல்லாம் இருந்தன. அவை நின்ற இடங்கள் கலைந்து போயின. அதே ஆராய்ச்சியில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையும் இடம் பெற்றார். அவர் நிலை நேர்மாறானது. மூளையின் வேறோர் இடத்தில் பழுது ஏற்பட்டதனால் வாய்ப்பாடும், குழந்தைப் பாட்டுக்களும், பிரார்த்தனைகளும் அவருக்கு மறந்துபோயின. கழித்தல் கணக்கைப் பெரும்பாலும் சரியாகவே செய்தார். வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கும் பையன் கணக்கில் கெட்டிக்காரன் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோமே, அது எவ்வளவு அவசரமான தீர்ப்பு என்பதை இவ்விருவரும் காட்டுகிறார்கள்.

விரலுக்கும் எண்ணுக்கும் உறவு உண்டா?

கெர்ஸ்ட்மானுடைய கொள்கை இதுதான். நம் ஒவ்வொருவருடைய மூளையிலும் நம் தேகத்தின் சித்திரம் ஒன்று இருக்கிறது. இருட்டில் மூக்கைத் தவறாமல் தொடுவதும், குனிந்து வாசற்படியைக் கடப்பதும் அந்தச் சித்திரத்தின் உதவியினாலேதான். அதே வியன்னாவில் அவருடன் பணியாற்றிய பால் ஷில்டர் 1923-ல் இந்தச் சித்திரத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதியிருந்தார். அதில் விரல்களுக்கென்று தனிப் பகுதி ஒன்று உண்டு என்றும், அதுவே எழுதும் தொழிலுக்கும் எண்ணும் தொழிலுக்கும் அஸ்திவாரம் என்றும் கெர்ஸ்ட்மான் கருதினார். மனித ஜாதி முதன் முதலில் விரல்களைக் கொண்டல்லவா எண்ணக் கற்றது? வலக்கை இடக்கை என்ற பேதத்திலிருந்தல்லவா திசை அறிந்தது? ஆகவே அஸ்திவாரம் இடிந்தால் மேற்கட்டடமும் சரிகிறது என்றார்.

கேட்பதற்கு மிகவும் ரசமான கொள்கை. பாஷைகளும் அதற்குச் சாட்சி சொல்லத் தயாராக இருக்கின்றன. இங்கிலீஷில் எண்ணின் இலக்கத்துக்கு வழங்கும் 'டிஜிட்' என்ற சொல் லத்தீனில் விரலைக் குறிப்பது. தமிழிலோ 'விரல் விட்டு எண்ணலாம்' என்று நாம் அன்றாடம் சொல்லுகிறோம். நம் பாட்டிமார் கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுத் திதியையும் நாளையும் எண்ணுவதைப் பார்த்தவர்கள், கெர்ஸ்ட்மான் பக்கம் உடனே சாய்ந்து விடுவார்கள்.

சாஸ்திரத்தில் ரசம் மட்டும் போதாது. 1961-ல் அமெரிக்காவின் அயோவாவில் இருந்த ஆர்தர் பென்டன் என்ற மனோதத்துவ நிபுணர், 'கெர்ஸ்ட்மான் நோய்க்கூட்டம் என்னும் கற்பனை' என்ற பொருள்படும் தலைப்புடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பிலேயே சவுக்கடி! மூளை நோயாளிகள் பலரைச் சோதித்து, இந்த நான்கு குறைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து வருவது, அவை வேறு குறைகளோடு சேர்ந்து வருவதைவிட அதிகம் என்று சொல்லுவதற்கில்லை என்று அவர் காட்டினார். நான்கை மட்டும் பொறுக்கி எடுத்து மாலையாகக் கட்டியது வைத்தியரின் கை என்பது அவர் வாதம்.

பென்டன் சொன்னதன் நியாயத்தை இப்படி விளக்கலாம். ஒரே தெருவில் அடுத்தடுத்து நான்கு வீடுகள் இருக்கின்றன. ஒரு நாள் தீப்பிடித்து நான்கும் எரிந்து போகின்றன. அதனால் நான்கு வீட்டாரும் பந்துக்கள் என்று ஆகிவிடுமா? மூளையில் ரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால், அது போஷிக்கும் பிரதேசம் முழுவதும் கெடுகிறது. விரலைக் கவனிக்கும் இடமும் எண்ணைக் கவனிக்கும் இடமும் அண்டை வீடுகளாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். உறவு வேண்டியதில்லை.

நான்கு குறைகள் மட்டும், வேறு கலப்பின்றி, ஒருவரிடம் காணப்படுவது உண்மையிலேயே மிக அபூர்வம். பெரும்பாலான நோயாளிகளிடம் பேச்சுக் குறையோ வேறு ஏதேனும் குறையோ கலந்தே இருக்கும். மக்டொனால்ட் கிரிட்ச்லி என்ற ஆங்கிலேய நிபுணர் 1966-ல் எழுதிய கட்டுரையில் இதைப் 'புதிர்' என்று அழைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

அகதியான ஆசிரியர்

பென்டனின் கட்டுரை வெளிவந்தபோது கெர்ஸ்ட்மான் உயிரோடிருந்தார். ஆனால் வியன்னாவில் இல்லை. 1930 முதல் அங்கே நரம்பு வியாதி ஆஸ்பத்திரி ஒன்றின் தலைவராக அவர் விளங்கினார். 1938 மார்ச் மாதத்தில் ஹிட்லரின் சைன்யம் ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. கெர்ஸ்ட்மான் யூதர். ஐம்பது வயதுக்கு மேல், பதவியையும் ஊரையும் பாஷையையும் விட்டு அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். அதுவரை ஜெர்மன் மொழியில் எழுதி வந்தவர், 1940-ல் தம் நான்கு அடையாளங்களையும் பற்றி இங்கிலீஷில் விரிவாக எழுதினார். உலகத்தில் பெரும்பாலோர் அந்தக் கட்டுரையின் மூலமாகத்தான் அவரை அறிந்தார்கள்.

1942-ல் இன்னொரு விசித்திரத்தைப் பற்றியும் எழுதினார். வலது பக்கத்து மூளை பழுதுபட்ட சில நோயாளிகள், செயலற்றுக் கிடக்கும் தங்கள் இடது கையைத் தங்களுடையதே அல்ல என்று சாதிப்பார்கள். வேறு யாருடையதோ கை படுக்கையில் கிடக்கிறது என்பார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லக்கூடாது. தேகத்தின் சித்திரத்தில் அந்தக் கை அழிந்து போயிற்று. கண்ணெதிரே கிடக்கும் கைக்கு அவர்கள் வேறு என்ன விளக்கம் சொல்ல முடியும்? இந்த நிலைக்குப் பெயர் சூட்டியவரும் கெர்ஸ்ட்மானே. 1957-ல் 'கெர்ஸ்ட்மான் நோய்க்கூட்டம் பற்றிச் சில குறிப்புக்கள்' என்ற பொருள்பட ஒரு கட்டுரையை அவரே எழுதினார். தம் பெயரால் வழங்கும் வியாதியைப் பற்றித் தாமே எழுதும் பாக்கியம் வைத்தியர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? 1969-ல் நியூயார்க்கில் காலமானார்.

அவர் மறைந்தபின் வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது. 1984-ல் அமெரிக்க வைத்தியர்கள் சிலர், காக்கை வலிப்புக்குச் சிகிச்சை பெற வந்த ஒருவருடைய மூளையின் இடது பக்கத்தில் மிக நுண்ணிய மின்சாரத்தைச் செலுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். குறிப்பிட்ட ஓரிடத்தில் மின்சாரம் பாய்ந்தபோது நான்கு குறைகளும் தோன்றின. மின்சாரத்தை நிறுத்தியதும் மறைந்தன. ஆகவே நான்கும் சேர்ந்து நேர்வது வெறும் கற்பனை அல்ல என்று ஏற்பட்டது.

காரணத்தைப் பற்றிய கேள்வி அப்போதும் நின்றது. 2009-ல் எலெனா ருஸ்கோனியும் அவருடைய சகாக்களும் ஆரோக்கியமான ஐந்து பேரைக் காந்த ஸ்கான் யந்திரத்தில் படுக்க வைத்து, விரல் அறிதல், கழித்தல், எழுத்து, இடம் வலம் ஆகிய நான்கு வேலைகளையும் கொடுத்து மூளையைப் படம் பிடித்தார்கள். நான்குக்கும் பொதுவான ஒரே இடம் மூளையின் மேற்பரப்பில் அகப்படவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் அண்டையில் வேறு வேறு இடம் இருந்தது. ஆனால் அந்த இடங்களிலிருந்து புறப்படும் நரம்பு இழைகளைத் தொடர்ந்து சென்றபோது, மேற்பரப்புக்கு அடியில் ஒரு சிறு இடத்தில் அவை நெருங்கி ஒன்றை ஒன்று கடந்து செல்வதைக் கண்டார்கள். நான்கு ஊர்களுக்குப் போகும் மின் கம்பிகள் ஒரே கம்பத்தின் வழியாகப் போவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பம் சாய்ந்தால் நான்கு ஊர்களிலும் ஒரே சமயத்தில் விளக்கு அணையும். இதன்படி பார்த்தால் கெர்ஸ்ட்மான் கண்டது மெய். அதற்கு அவர் கூறிய காரணந்தான் நிலைக்கவில்லை.

இப்படித் தீர்ப்புக் கூறி வழக்கை முடிக்கலாம் என்றால், குழந்தைகள் குறுக்கே வருகிறார்கள். பெல்ஜியம் தேசத்து மரீ பாஸ்கால் நோயெல் என்பவர் 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளிடம் விரல் தொடும் சோதனையை நடத்திப் பார்த்தார். விரல்களை நன்றாக இனங்கண்ட குழந்தைகள் ஒரு வருஷத்துக்குப் பின் கணக்கிலும் மேலாக இருந்தார்கள். வாசிப்பைப் பொறுத்தவரை அந்தச் சோதனையினால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆகவே விரலுக்கும் எண்ணுக்கும் அண்டை வீட்டுச் சம்பந்தத்துக்கு மேல் ஏதோ இருக்கிறது போலும். விரல் பயிற்சியினால் கணக்குத் திறமையை வளர்க்கலாம் என்று பிறகு வெளிவந்த ஆராய்ச்சியை மறுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் அதைப் பற்றி அதிகம் உற்சாகம் கொள்ள வேண்டாம். எனினும், விரல் விட்டு எண்ணும் சிறு குழந்தையின் கையை உபாத்தியாயர் தட்டிவிடுவதை இனிமேலாவது நிறுத்திக்கொள்ளலாம் என்பது நம் அபிப்பிராயம்.

வீட்டார் அறிய வேண்டியது

குழந்தைகளிலும் இந்த நான்கு குறைகளும் பிறவியிலிருந்தே சேர்ந்து காணப்படுவதுண்டு. 1963-ல் லண்டனைச் சேர்ந்த கின்ஸ்போர்ன், வாரிங்டன் இருவரும் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பேச்சில் கெட்டிக்காரத்தனமும் வாசிப்பில் தடையின்மையும் உள்ள ஒரு குழந்தை, எழுத்திலும் கணக்கிலும் மட்டும் ஓயாமல் பின்தங்கி, இடம் வலமும் தெரியாமல் குழம்பினால், "மக்கு" என்றோ "சோம்பேறி" என்றோ பட்டம் சூட்டுவதற்கு முன் ஒரு குழந்தை நரம்பு வைத்தியரிடம் காட்டுவது நலம். கணக்கு வராத குழந்தைகள் எல்லோருக்கும் இந்த வியாதி என்று எண்ணிவிடக் கூடாது, இது அபூர்வமானது. ஆனால் பிரம்பு இதற்கு மருந்தாகாது.

பெரியவர்கள் விஷயம் வேறு. அங்கே அவசரம் உண்டு. அவர்களுக்கு இந்த நிலையை உண்டாக்குவது பெரும்பாலும் மூளையின் ரத்தக் குழாய் அடைப்பு. கட்டி, தலைக் காயம், கரிப்புகையின் நச்சு வாயு ஆகியவற்றாலும் வரலாம். மூளையின் பின்பகுதி மெல்ல மெல்லச் சுருங்கிப் போகும் ஒரு வியாதியிலும் இந்த அடையாளங்கள் சிறிது சிறிதாகத் தலை காட்டுவதுண்டு. ரத்தக் குழாய் அடைப்பு என்றால், வாய் கோணுவதும் கை கால் விழுவதுந்தான் எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்கள். காலையில் எழுந்தவர் நடக்கிறார், பேசுகிறார், ஆனால் பால் கணக்கை எழுதத் தெரியவில்லை என்றால் யாரும் பதறுவதில்லை. "இராத்திரி தூக்கம் போதவில்லை, சற்றுப் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி விடுகிறார்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த நாலரை மணி நேரந்தான் இவ்விதம் படுக்கையில் கழிந்து போகிறது. திடீரென்று எழுத்தோ எண்ணோ கையை விட்டுப் போனால், வாய் கோணியதற்கு எவ்வளவு வேகமாக ஓடுவோமோ அவ்வளவு வேகமாக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இழந்ததைத் திருப்பிக் கொடுக்கும் மாத்திரை எதுவும் இதற்கு இல்லை. அடைப்பினால் வந்ததாயின், சில வாரங்களிலும் மாதங்களிலும் பலருக்கு ஓரளவு தேறுகிறது. கட்டியானால் அதன் தன்மையையும் சிகிச்சையையும் பொறுத்தது. எஞ்சிய குறைக்குப் பயிற்சியாளர்கள் உபாயங்கள் சொல்லித் தருகிறார்கள். பேனா ஓடாதவருக்குத் தட்டெழுத்து சிலசமயம் கைகொடுக்கிறது. கணக்குக்கு யந்திரம் இருக்கவே இருக்கிறது. ஆனால் பணத்தை எண்ணித் தரும்போது கூட ஒருவர் இருப்பது நல்லது, கேலி செய்யாத ஒருவர். கோடு போட்ட காகிதம் எழுத்தை நேராக நிறுத்த உதவும். இடம் வலத்துக்கு உபாயம் எல்லாவற்றிலும் சுலபமானது. கைக்கடிகாரத்தை ஒரே கையில் கட்டி விட்டு, அதை ஒரு நாளும் மாற்றாமல் இருந்தால் போதும். "இடது பக்கம் திரும்புங்கள்" என்பதை விட்டு, "கடிகாரப் பக்கம் திரும்புங்கள்" என்று வீட்டார் சொல்லிப் பழக வேண்டும்.